நம்பிக்கையும் நீதியும் பேசும் ஞாயிறு வாசகங்கள்: முதன்முறையாகச் சிந்தனை வழங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

ஆலயப் பங்கில் அண்டைக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் "அடுத்த வாரச் சிந்தனையை நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்கப்பட்டவுடன், முதன்முறையாகப் பொறுப்பேற்பவருக்கு இரண்டு வழிகள்தாம் கண்ணில் படுகின்றன. இணையத்தில் கிடைக்கும் மறையுரை ஒன்றை எடுத்து அப்படியே வாசித்துவிடுவது ஒரு வழி. வாசகத்தை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மனத்தில் ஏற்கெனவே இருக்கும் நல்லுரையை அதன்மேல் ஏற்றிச் சொல்லிவிடுவது மற்றொரு வழி. இரண்டிலுமே இறைவார்த்தை நம்மிடம் எதையும் கேட்பதற்கு நாம் இடம் கொடுப்பதில்லை. நம்பிக்கை, நீதி ஆகிய இரண்டையும் சேர்த்துப் பேசும் வாசகங்களில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். ஏனெனில் நம்பிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள் நீதியை மறந்துவிடுவதும், நீதியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள் வாசகத்தையே மறந்துவிடுவதும் அடிக்கடி நிகழ்கின்றன. பல ஆண்டுகளாக அன்பியத்தில் சிந்தனை வழங்கி வருபவன் என்ற முறையில், இவ்விரு தவறுகளையும் நானும் செய்திருக்கிறேன்.

பொதுவான அறிவுரைகளை அடுக்குவதைவிட, ஒரே ஒரு ஞாயிற்றின் வாசகங்களை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் இறுதி வரை நடந்து காட்டுவது பயன்தரும் என்று கருதுகிறேன். கத்தோலிக்கத் திருவழிபாட்டில் மூன்றாம் ஆண்டின் பொதுக்காலம் (பெருவிழாக் காலங்களுக்கு வெளியே உள்ள வாரங்கள்) 29ஆம் ஞாயிற்றுக்குரிய வாசகங்கள் இவை: விடுதலைப் பயணம் 17:8-13, திருப்பாடல் 121, திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் 3:14 முதல் 4:2 வரை, லூக்கா நற்செய்தி 18:1-8. லூக்கா பகுதி, கடவுளுக்கு அஞ்சாத ஒரு நடுவரிடம் நீதி கேட்டு விடாமல் வந்துகொண்டேயிருக்கும் ஒரு கைம்பெண்ணைப் பற்றிய உவமை. இவ்வாசகங்கள் 2025 அக்டோபர் 19 அன்று வாசிக்கப்பட்டன. மீண்டும் 2028 அக்டோபர் 22 அன்று வரும். திருவிவிலியத்தைத் திறந்து அருகில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: இவ்வாசகங்கள் ஏன் ஒன்றாக வருகின்றன என்று அறிதல்

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் வெளியான வாசக ஒழுங்கு ஞாயிறு வாசகங்களை மூன்று ஆண்டுச் சுழற்சியில் அமைத்தது. முதல் ஆண்டில் மத்தேயுவும், இரண்டாம் ஆண்டில் மாற்கும், மூன்றாம் ஆண்டில் லூக்காவும் பெரும்பாலும் வாசிக்கப்படுகின்றனர். மூன்றால் மீதமின்றி வகுபடும் ஆண்டு மூன்றாம் ஆண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் அல்ல, முந்தைய ஆண்டில் கிறிஸ்துமசுக்கு முன்வரும் திருவருகைக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

புதியவர்கள் தவறாமல் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பொதுக்காலத்தில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்துமாறு தேர்ந்தெடுக்கப்பட்டது. பதிலுரைப் பாடல் முதல் வாசகத்துக்கு நாம் தரும் மறுமொழி. இரண்டாம் வாசகமோ ஒரு திருமுகத்தை வாரந்தோறும் தொடர்ச்சியாக வாசித்துவரும் தனி இழை. ஆகவே நான்கையும் ஒரே கயிற்றில் கட்டியே தீர வேண்டும் என்று பாடுபட வேண்டியதில்லை. முதல் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் உள்ள உறவைத் தேடுங்கள். இரண்டாம் வாசகம் தானாக வந்து இணைந்தால் வரவேற்றுக்கொள்ளுங்கள், இணையாவிட்டால் அதை அமைதியாக விட்டுவிடுங்கள்.

கத்தோலிக்கரல்லாத திருச்சபைகள் பல பின்பற்றும் பொது வாசக அட்டவணையிலும் ஏறத்தாழ இதே நாளில் இதே உவமை வருகிறது. எனவே பிற சபைகளைச் சேர்ந்த நண்பர்களோடு சேர்ந்து சிந்திப்பதற்கும் இது ஏற்ற பகுதியாகும்.

இரண்டாம் படி: வாய்விட்டு வாசித்தல், இரண்டு மொழிபெயர்ப்புகளில்

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே தொடங்குங்கள். முதல் நாளன்று விளக்கவுரை எதையும் திறக்க வேண்டாம். நற்செய்திப் பகுதியை மட்டும் மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் இடையே சிறிது நேரம் அமைதியாக இருந்து, உரத்த குரலில் வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசிக்கும்போது பழகிய கதை வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். நாவால் வாசிக்கும்போதுதான் எந்தச் சொல் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது என்பது தெரியும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவியான இரண்டாம் குயிகோ, வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், ஆழ்ந்து உறைதல் என்னும் நான்கு படிகளை ஓர் ஏணியாக விவரித்தார். அந்த ஏணியின் முதல் படியை விரைந்து தாண்டுகிறவர்களுக்கு மற்ற மூன்றும் எட்டுவதில்லை.

அதன்பின் மற்றொரு மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பும், சீர்திருத்தச் சபைகளில் வழங்கும், அதைவிடப் பழையதான பரிசுத்த வேதாகமமும் தமிழ் வாசகருக்குக் கிடைத்திருக்கும் இரட்டைச் செல்வங்கள். ஒன்றில் 'நீதி' என்பது மற்றொன்றில் 'நியாயம்'. ஒன்றில் 'நம்பிக்கை' என்பது மற்றொன்றில் 'விசுவாசம்'. ஒன்றில் 'நடுவர்' என்பவர் மற்றொன்றில் 'நியாயாதிபதி'. இன்றைய காதுக்கு நடுவர் என்றால் பட்டிமன்ற மேடையோ விளையாட்டுத் திடலோ நினைவுக்கு வரக்கூடும். நியாயாதிபதி என்னும்போது அதிகாரத்தின் எடை உடனே புலப்படுகிறது. மாறாக, அந்தக் கைம்பெண்ணைப் பழைய மொழிபெயர்ப்பு 'இவள்' என்கிறது. பொது மொழிபெயர்ப்போ, மக்களை மதிக்காத அந்த நடுவரின் வாயிலும் 'இவர்' என்னும் சொல்லையே வைத்திருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் அவருக்கு அளித்த மதிப்பு அது. நடுவர் அளித்த மதிப்பு அல்ல. இத்தகைய வேறுபாடுகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

ஐந்தாம் வசனத்தில் நடுவர் கைம்பெண்ணுக்கு ஏன் இணங்குகிறார் என்பதைப் பாருங்கள். இல்லாவிட்டால் அவர் தம் உயிரை வாங்கிக்கொண்டேயிருப்பார் என்று பொது மொழிபெயர்ப்பும், அவள் அடிக்கடி வந்து தம்மை அலட்டாதபடிக்கு என்று பழைய மொழிபெயர்ப்பும் சொல்கின்றன. மூல கிரேக்கச் சொல் குத்துச்சண்டையிலிருந்து வந்தது. கண்ணுக்குக் கீழே குத்தி முகத்தைக் கன்றச் செய்தல் என்பது அதன் நேர்ப்பொருள். படையும் பணமும் இல்லாத ஒரு கைம்பெண், யாருக்கும் அஞ்சாத அதிகாரியின் முகத்தைக் கன்றச் செய்துவிடுவார் போலிருக்கிறது என்று அந்த அதிகாரியே தமக்குள் சொல்லிக்கொள்வதாக இயேசு சித்திரிக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த எளிய மக்களின் முகத்தில் அப்போது புன்னகை அரும்பியிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

இந்தப் படியில் நமக்குக் கிடைக்கும் பெரும் செல்வம் முதல் வாசகத்தில் இருக்கிறது. இரபிதிமில் அமலேக்கியரோடு போர் நடக்கும்போது, மலையுச்சியில் மோசேயின் கைகள் உயர்ந்திருந்தால் இஸ்ரயேலர் வெல்கின்றனர், தாழ்ந்தால் தோற்கின்றனர். கைகள் தளரவே, ஆரோனும் கூரும் அவரைக் கல்லொன்றின்மேல் அமர்த்தி, ஆளுக்கொரு பக்கமாக நின்று கைகளைத் தாங்குகின்றனர். கதிரவன் மறையும் வரை அவருடைய கைகள் அசையாமல் நிலைத்திருக்கின்றன. 'நிலைத்திருத்தல்' என்று இங்கு நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'எமுனா'. நேர்மையுடையவர் தம் நம்பிக்கையால் வாழ்வடைவார் என்று அபக்கூக்கு இறைவாக்கினர் (2:4) கூறும் இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. எனவே எபிரேய மனம் நம்பிக்கை என்பதை முதலில் ஒரு கருத்தாக எண்ணியிருக்கவில்லை. தளர்ந்த கைகள் கீழே விழாமல் நிற்கும் நிலையாக எண்ணியிருக்கிறது. அந்த நிலைக்கும் இருவருடைய தோள் தேவைப்பட்டது. இதை அறிந்தபின், உவமையின் இறுதியில் மானிட மகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரோ என்று இயேசு கேட்கும் கேள்வி நமக்கு வேறு விதமாக ஒலிக்கத் தொடங்குகிறது. நீதி கேட்டுத் தளர்ந்த கைகளைத் தாங்கிக்கொண்டிருப்பவர் எவரையேனும் அவர் காண்பாரா என்பதே அக்கேள்வி என்று நான் அதை வாசிக்கிறேன்.

மூன்றாம் படி: முன்னும் பின்னும் வாசித்தல்

வாசக நூல் நமக்குத் தருவது வெட்டி எடுக்கப்பட்ட ஒரு பகுதி மட்டுமே. வெட்டப்பட்ட இடத்தில் என்ன இருந்தது என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடங்கள் போதும்.

விடுதலைப் பயணம் 17ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களில், தண்ணீரில்லாத மக்கள் "ஆண்டவர் நம்மிடையே இருக்கின்றாரா, இல்லையா?" என்று கேட்கின்றனர். அந்தக் கேள்வியின் ஈரம் காய்வதற்கு முன்பே அமலேக்கியர் வருகின்றனர். இணைச்சட்டம் 25:17-19 அந்தத் தாக்குதலை நினைவுகூரும்போது, களைத்துச் சோர்ந்து பின்தங்கியவர்களையே அவர்கள் பின்புறமாக வந்து வெட்டினார்கள் என்கிறது. அதாவது, முதல் வாசகத்தின் போர் வலியவர் இருவரின் மோதலாக நினைவில் நிற்கவில்லை. நடக்க முடியாதவர்களைத் தாக்கிய கொடுமையாகவே நினைவில் நிற்கிறது. அதே வேளையில், வாளுக்கு இரையான மனிதர்களைப் பற்றி வாசகம் பேசுவதையும், 14ஆம் வசனத்தில் அமலேக்கியரின் நினைவையே அழித்துவிடுவதாக வரும் கடுஞ்சொல் ஞாயிறு வாசகத்திலிருந்து விடப்பட்டிருப்பதையும் மறைக்க வேண்டாம். கூட்டத்தில் யாராவது இதைப் பற்றிக் கேட்டால், இது எனக்கும் கடினமான பகுதிதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். எந்த இனத்தையோ சமயத்தையோ இன்றைய அமலேக்கியர் என்று சுட்டுவதற்கு மட்டும் ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

லூக்காவில் உவமைக்கு முன்னால் மானிட மகனின் நாளைப் பற்றிய உரை (17:20-37) இருக்கிறது. உவமைக்குப் பின்னால் பரிசேயரும் வரிதண்டுபவரும் கோவிலில் மன்றாடும் உவமை (18:9-14) இருக்கிறது. முன்னதை வாசித்தால், மனந்தளராமல் மன்றாடுவதன் தேவை நீண்ட காத்திருப்பிலிருந்து எழுகிறது என்பது விளங்கும்.

நான்காம் படி: மாந்தர்களிடம் கேள்வி கேட்டல்

நான் அதிக நேரம் செலவிடும் படி இதுவே. நீங்களும் அவ்வாறே செய்யுமாறு பரிந்துரைக்கிறேன். வாசகத்தில் வரும் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து, இவர் யாருக்காகக் காத்திருக்கிறார், இவரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது, இவர் என்ன பேசுகிறார், எதைப் பேசாமல் விடுகிறார் என்று கேட்க வேண்டும்.

கைம்பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பெயரில்லை. உடன் வரும் ஆண்மகன் எவரும் சொல்லப்படவில்லை. எதிரி யார், வழக்கு என்ன என்பதும் சொல்லப்படவில்லை. இரக்கம் காட்டுங்கள் என்று அவர் கெஞ்சவுமில்லை. எனக்கு நீதி வழங்கும் என்ற ஒன்றையே கேட்டுக்கொண்டு வருகிறார். நீதி வழங்குதல் என்னும் கருத்து இந்த எட்டு வசனங்களில் நான்கு முறை வருகிறது. பிச்சைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பெண் நன்றாக அறிந்திருக்கிறார்.

அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது எது? அவருடைய மக்களின் திருச்சட்டமே. கைம்பெண்ணுக்கும் அநாதைக்கும் தீங்கிழைத்தால் அவர்களுடைய அழுகுரலுக்குத் தாம் செவிசாய்ப்பதாகக் கடவுள் சொல்வதை விடுதலைப் பயணம் 22ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் நீதி வழங்குபவர் என்று இணைச்சட்டம் 10:18 கடவுளை அறிமுகப்படுத்துகிறது. கைம்பெண்ணின் வழக்கு தலைவர்களிடம் வந்துசேர்வதே இல்லை என்று எசாயா 1:23 குமுறுகிறது. யோசபாத்து அரசர் நடுவர்களை நியமிக்கும்போது, நீங்கள் தீர்ப்பிடுவது மனிதருக்காக அல்ல, ஆண்டவருக்காகவே என்று சொல்லி, ஆண்டவருக்கு அஞ்சி நடக்குமாறு கட்டளையிடுகிறார் (2 குறிப்பேடு 19:6-7). ஆகவே 'கடவுளுக்கு அஞ்சாத நடுவர்' என்று இயேசு சொல்லும்போது, அந்தப் பதவிக்கு வேண்டிய முதல் தகுதியே அவரிடம் இல்லை என்பது கேட்டவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். சிந்தனை வழங்கும்போது, யூதச் சட்டம் கொடியது, இயேசுதான் இரக்கத்தைக் கொண்டுவந்தார் என்னும் பிழையான பேச்சு தவறியும் வந்துவிடக்கூடாது. அந்தப் பெண் பிடித்து நின்ற கொழுகொம்பே அச்சட்டம்தான்.

லூக்கா நற்செய்தி முழுவதையும் புரட்டி, கைம்பெண்கள் எங்கெல்லாம் வருகிறார்கள் என்று தொகுத்துப் பார்க்கவும் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். கோவிலில் காத்திருந்த அன்னா, சாரிபாத்துக் கைம்பெண், நயீன் ஊரில் ஒரே மகனை இழந்தவர், இந்த உவமையின் பெண், கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்கிக்கொள்ளும் மறைநூல் அறிஞர்கள்மீதான கண்டனம் (20:47), உடனே அதைத் தொடர்ந்து தம் பிழைப்புக்கிருந்த இரண்டு காசுகளையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட பெண் (21:1-4). கடைசி இரண்டையும் சேர்த்து வாசித்தால், காணிக்கையைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் இனிய விளக்கம் கொஞ்சம் கசக்கத் தொடங்கும்; அந்தக் கசப்பு நல்லது.

இந்த உவமையை எனக்கு உண்மையில் கற்பித்தவர் எங்கள் அன்பியத்தில் உள்ள ஓர் அம்மா. கணவர் இறந்தபின் வீட்டுமனைப் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றுவதற்காக நான்கு ஆண்டுகள் அலுவலகம் ஒன்றுக்கு நடந்தவர். இடைவிடாத மன்றாட்டைப் பற்றி நான் பேசி முடித்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்தம்மா கதையில ஒரு தடவைகூட செபம் பண்ணலையே, கோர்ட்டுக்குத்தானே போயிக்கிட்டு இருந்தாங்க?" எனக்கு மறுமொழி வரவில்லை. திரும்பவும் வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மன்றாட்டைப் பற்றிய உவமை என்று லூக்கா முதல் வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் உவமைக்குள் நடப்பதெல்லாம் நீதிமன்றப் படியேறுதல்தான். மன்றாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்கு, முழந்தாளிட்ட ஒருவரை அல்ல, மனுவோடு நிற்கும் ஒரு பெண்ணையே இயேசு எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுத்தார். அன்றுமுதல், அநீதிக்கு ஆளானவரிடம் "செபம் பண்ணுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதற்கு என் நா எழுவதில்லை.

நடுவரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புதியவர்கள் பலர் உவமையின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பொருள் சூட்டி, நடுவர் கடவுளைக் குறிக்கிறார் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால் தொல்லை தாங்காமல் இணங்குகிறவராகக் கடவுள் ஆகிவிடுவார். இயேசு இங்கே கையாள்வது சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் வாதம்: இவ்வளவு கெட்டவரே கடைசியில் நீதி வழங்குவாரென்றால், அல்லும் பகலும் தம்மை நோக்கிக் கூக்குரலிடுவோருக்குக் கடவுள் வழங்காமல் இருப்பாரா? கடவுள் நடுவருக்கு நேரெதிரானவர். பதிலுரைப் பாடல் இதைத்தான் பாடுகிறது: உன்னைக் காக்கும் அவர் கண்ணயர்வதுமில்லை, உறங்குவதுமில்லை. எருசலேமுக்கு மலையேறிச் செல்வோர் பாடிய பதினைந்து திருப்பயணப் பாடல்களுள் (120 முதல் 134 வரை) ஒன்று அது. அலுவலகத்துக்கு நடப்பவரும் அதைப் பாடலாம்.

ஐந்தாம் படி: நம் ஊரைப் பார்த்தல்

பெல்ஜியத்தைச் சேர்ந்த கர்தினால் யோசேப்பு கார்டைன் இளம் தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த பார்த்தல், ஆய்ந்து தீர்மானித்தல், செயல்படுதல் என்னும் முறையைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில் பரிந்துரைத்தார். வாசகத்திலிருந்து வாழ்வுக்கு வரும்போது இம்முறை நம்மை நிதானத்தில் வைத்திருக்கிறது.

பார்க்கும்போது பொதுவாகப் பார்க்காதீர்கள். 'சமுதாயத்தில் அநீதி பெருகிவிட்டது' என்னும் வாக்கியம் யாரையும் தொடுவதில்லை. நம் பங்கின் எல்லைக்குள் மனுவோடு அலைபவர் யார், எத்தனை ஆண்டுகளாக, எந்தக் காகிதத்துக்காக என்று பாருங்கள். அவருடைய ஒப்புதலின்றி அவர் பெயரைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். அடுத்து, நாமே நடுவரின் இருக்கையில் அமர்ந்திருக்கும் இடங்கள் எவை என்றும் பாருங்கள். எல்லோரும் தம்மைக் கைம்பெண்ணாகவே உணர விரும்புகிறோம். வீட்டு வேலைக்கு வருபவரின் ஊதிய உயர்வுக் கோரிக்கையைத் தள்ளிப்போடும் இல்லத்தலைவியும், பங்குப் பேரவையில் ஏழையின் விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கும் உறுப்பினரும் நடுவர்களே.

தமிழ்நாட்டுத் திருச்சபையில் இந்த வாசகத்தைச் சிந்திப்பவர் சாதியைத் தொடாமல் கடந்துபோக முடியும் என்று நான் நினைக்கவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகள் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்த ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டபோதும் இவர்கள் வெளியிலேயே நின்றார்கள். மூன்று தலைமுறைகளாகத் தொடரும் இந்தக் கேட்டல், அந்தப் பெண்ணின் கேட்டலைப் போன்றதே. ஆனால் அரசின் கதவைத் தட்டும் அதே மக்கள், தங்கள் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருப்பதையும், திருவிழாத் தேர் தங்கள் தெருவுக்குள் வராமல் திரும்பிச் செல்வதையும் நம்மிடமே முறையிட்டிருக்கிறார்கள். அந்த வழக்கில் நடுவரின் இருக்கையில் இருப்பது நாம். இதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். முதல் முறையே சொல்ல இயலாவிட்டாலும், உங்கள் குறிப்பேட்டில் எழுதியாவது வையுங்கள்.

செயல்படுதல் என்னும்போது கூட்டம் ஒரே ஒரு சிறு செயலை முடிவு செய்தால் போதும். எடுத்துக்காட்டாக, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள் தங்கள் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள் என்பதை அன்பியத்தில் அறிவித்து, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒருவருடன் இருவர் துணையாகச் செல்வதென்று தீர்மானிக்கலாம். ஆரோனும் கூரும் இருவராக இருந்ததற்குக் காரணம் உண்டு; மனுவோடு தனியாகச் செல்பவரிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்வது எளிது, உடன் இருவர் நிற்கும்போது அது சற்றுக் கடினம்.

ஆறாம் படி: மன்றாட்டு

எழுதத் தொடங்குவதற்கு முன், குறிப்புகளை மூடி வைத்துவிட்டு, கிடைத்ததை இறைவனிடம் பேசுங்கள். மறைநூலை வாசிப்பதோடு மன்றாட்டும் உடன் செல்ல வேண்டும் என்று 1965இல் வெளியான இறைவெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வலியுறுத்துகிறது. நீண்ட மன்றாட்டு தேவையில்லை. அந்த வாரத்தில் யாருடைய முகம் வாசகத்தில் தெரிந்ததோ அவருடைய பெயரைச் சொல்லி அமர்ந்திருந்தாலே போதுமானது.

ஏழாம் படி: எழுதுதலும் சொல்லுதலும்

திருப்பலியில் மறையுரை வழங்குவது திருச்சபைச் சட்டத்தின்படி குருவுக்கோ திருத்தொண்டருக்கோ உரியது. பொதுநிலையினராகிய நமக்கு அன்பியக் கூட்டம், குடும்பச் செபம், இளையோர் கூடுகை ஆகியவை களங்கள். ஏழு படிகளில் நற்செய்தியைப் பகிரும் முறையை உங்கள் அன்பியம் பின்பற்றினால், உங்கள் பங்கு இன்னும் சிறியது. மற்றவர்கள் பேசுவதற்கு வழிவிட்டு, தேவையான இடத்தில் ஒரு விளக்கம் தந்தால் போதும்.

முதலில், சொல்லப்போவதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். என்னுடைய வாக்கியம் இது: நீதி கேட்டுத் தளரும் கைகளைத் தாங்கி நிற்பதே இவ்வாசகங்கள் கேட்கும் நம்பிக்கை. அந்த ஒரு வாக்கியத்துக்கு உதவாத எல்லாவற்றையும், அது எவ்வளவு அழகான செய்தியாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும். நீங்கள் கற்றதில் பத்தில் ஒரு பங்கே கூட்டத்துக்குப் போகும். மீதி உங்களுக்குள் தங்கி அடுத்த முறை உதவும்.

ஐந்து முதல் ஏழு நிமிடங்களுக்கு மேல் பேச வேண்டாம். கதையிலிருந்து தொடங்குங்கள், உங்கள் தகுதியின்மையைப் பற்றிய நீண்ட முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள். எபிரேயம், கிரேக்கம் என்று வந்தால் ஒரே ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கேள்வியை வைத்து அரை நிமிடம் அமைதி காத்திருங்கள். அந்த அமைதி சங்கடமாக இருக்கும், இருந்தாலும் அதை உடைக்காதீர்கள். துயரத்தில் இருக்கும் ஒருவரைப் பார்த்து, உங்கள் நம்பிக்கை குறைவாக இருந்ததால்தான் கிடைக்கவில்லை என்னும் பொருள்பட எதையும் சொல்லிவிடக் கூடாது. உவமையில் தாமதத்துக்குக் காரணம் அந்தப் பெண்ணின் குறையன்று, நடுவரின் மனமின்மையே.

இரண்டாம் வாசகம் இந்த இடத்தில்தான் எனக்கு உதவியது. மறைநூல் நேர்மையாக வாழப் பயிற்றுவிக்கும் என்று சொல்லும் அந்தத் திருமுகம், அதை யாரிடம் கற்றாய் என்பதை நினைவில் கொள் என்றும் திமொத்தேயுவிடம் சொல்கிறது. திமொத்தேயுவுக்கு அது பாட்டி லோயியும் தாய் யூனிக்கியும் (1:5). ஆகவே நானும் என் சிந்தனையைத் தொடங்கும்போது, இதை எங்கள் அன்பியத்து அம்மா ஒருவரிடம் கற்றேன் என்று அவருடைய ஒப்புதலோடு சொன்னேன்.

திருப்பலியில் சொல்லப்படும் விசுவாசிகளின் மன்றாட்டை எழுதும் பொறுப்பும் உங்களுக்கு வந்தால், வழக்கமான வரிசையைப் பின்பற்றுங்கள்: திருச்சபைக்காக, ஆட்சிப் பொறுப்பில் உள்ளோருக்காகவும் உலகின் மீட்புக்காகவும், துன்புறுவோருக்காக, நம் ஊர்ச் சமூகத்துக்காக. ஆட்சியாளருக்கான மன்றாட்டில் 'நல்லாட்சி நடத்த' என்று எழுதுவதற்கு மாறாக, 'தம்முன் காத்திருக்கும் மனுக்களைக் காலம் தாழ்த்தாமல் கேட்க' என்று எழுதிப் பாருங்கள். மன்றாட்டு கூர்மையடையும், யாரையும் திட்டியதாகவும் ஆகாது.

பழகுவதற்கு ஏற்ற வேறு ஞாயிறுகள்

இதே படிகளைக் கொண்டு வேறு வாசகங்களையும் அணுகலாம். மூன்றாம் ஆண்டில் பொதுக்காலம் 25ஆம், 26ஆம் ஞாயிறுகளில் ஆமோஸ் பேசுகிறார். மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைக் கனமாக்கி, ஏழையை விலைக்கு வாங்குவோரைப் பற்றிய 8:4-7 பகுதியைக் கடைத்தெருவில் தொழில் செய்யும் ஒருவரோடு சேர்ந்து வாசியுங்கள். இரண்டாம் ஆண்டில் 23, 24, 26ஆம் ஞாயிறுகளில் யாக்கோபின் திருமுகம் வருகிறது. பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் தருவது பற்றிய 2:1-5 பகுதிக்கு நம் ஆலயத்தின் இருக்கை வரிசைகளைவிடச் சிறந்த விளக்கவுரை இல்லை. முதல் ஆண்டில் 5ஆம் ஞாயிற்றின் எசாயா 58:7-10 பகுதியும், 30ஆம் ஞாயிற்றின் விடுதலைப் பயணம் 22:20-26 பகுதியும் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை.

நாம் பார்த்த ஞாயிற்றுக்கு அடுத்த வாரமே, மூன்றாம் ஆண்டின் 30ஆம் ஞாயிற்றில், சீராக்கின் ஞான நூல் 35ஆம் அதிகாரம் முதல் வாசகமாக வருகிறது. கைம்பெண்களின் வேண்டுதலைக் கடவுள் கைவிடார் என்றும், தாழ்மையுள்ளோரின் மன்றாட்டு முகில்களை ஊடுருவிச் செல்லும் என்றும் அது கூறுகிறது. முந்தைய வாரத்தின் குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருந்து, அதே குழுவினரோடு அதையும் வாசியுங்கள். தொடங்கும் முன், சென்ற வாரம் துணையாகச் செல்வதென்று முடிவு செய்தவர்கள் சென்றார்களா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள்.